தேய்க்காதீங்கண்ணே

"ஒட்ட மாட்டேங்குது தாயி" என்றார் சங்கிலி, வாசலில் நின்றபடியே.

கையில் மகளின் கபடி ஜெர்சி. முதுகில் 'மாரிக்கனி' என்ற பெயர் பாதி உரிந்து, பாதி சுருண்டு கிடந்தது. அவருடைய இஸ்திரிப் பெட்டியின் கைங்கரியம் அது.

ஜமீலா வாங்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

சங்கிலி அந்த அடுக்குமாடிக்குக் கீழே வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். பட்டு வேட்டியோ பள்ளிச் சீருடையோ, அவர் பெட்டி ஒரு தடவை போய்வந்தால் போதும், துணி சொன்ன பேச்சுக் கேட்கும். மாடியில் குடியிருந்த ஜமீலா, வீட்டிலிருந்தே பைகளிலும் தலையணை உறைகளிலும் பெயரும் பூவும் ஒட்டிக் கொடுப்பவள். வயதில் அவருக்கு மகள் மாதிரி.

ஆனாலும் அன்றைக்குக் குரு அவள்தான்.

"நான் பெட்டி போட்டதுல பேரு இளகிப்போச்சு. போன ஆட்டத்துல எதிர்த்த டீம் புள்ளைக புடிச்சு இழுத்ததுல பேரு பிஞ்சு வாலு மாதிரி தொங்கிருச்சு தாயி. சனமெல்லாம் சிரிச்சிருச்சு. எம்மக முதுக மறைக்கிறதுலயே இருந்தா. அப்புறம் ரெய்டு போகவே இல்ல."

"மாரி என்ன சொன்னா?"

"இனிமே எஞ்சட்டைய நீ தொடாதப்பான்னுட்டா."

அவள் கையிலிருந்த ஜெர்சியின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"நாளைக்கு மாவட்ட ஆட்டம். இருக்குறது இந்த ஒரு சட்டைதான்."

"குடுங்கண்ணே, நான் ஒட்டித் தர்றேன்."

"வேணாம். கெடுத்தது நானு. எங்கையாலதான் சரி பண்ணணும். சொல்லிக் குடு."

ஜமீலா அவரை உள்ளே கூப்பிட்டாள். பிறகு மேசைமேல் ஒரு சின்ன இயந்திரத்தை எடுத்து வைத்தாள். சூட்டோடு அழுத்தி எழுத்து ஒட்டும், கையடக்கமான ஹீட் பிரஸ். கரி கிடையாது, கூர்முனை கிடையாது. தட்டையான அடிப்பாகம், மேலே பிடி, அவ்வளவுதான்.

சங்கிலி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்பெட்டி போட்ட குட்டி மாதிரில்ல இருக்கு!"

இவ்வளவூண்டு உருப்படி, ஆனால் சூடேறியதும் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசமில்லாமல் ஒரே அனல். வாழ்நாளெல்லாம் அனலோடு பழகியவருக்கு அது சட்டென்று புரிந்தது. மனசுக்குள் அதற்கு ஒரு வணக்கம் போட்டார்.

ஜமீலா பழைய துணி ஒன்றை விரித்தாள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளோடு வெட்டிய வினைல் எழுத்துகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். அதற்கும் மேலே, சூடு தாங்கும் பட்டர் பேப்பர்.

"வைங்கண்ணே."

வைத்தார். வைத்த கை தன்பாட்டுக்கு மேலும் கீழும் போனது.

"தேய்க்காதீங்கண்ணே."

"தேய்க்கலையே?" கை போய்க்கொண்டேதான் இருந்தது.

எழுத்துகள் வழுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

இன்னொரு துணி. இன்னொரு தடவை. மறுபடியும் அதே கூத்து.

சங்கிலி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "கை நிக்க மாட்டேங்குது தாயி. தேய்க்காம எப்படி ஒண்ணு படியும்?"

ஜமீலா இயந்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். வேறு ஏதோ கேட்டாள்.

"மாரி சின்னப் புள்ளையா இருக்கையில காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க?"

"நெத்தியில கைய வச்சுப் பாப்பேன்."

"வச்சுக் காட்டுங்க."

மேசையில் உள்ளங்கையை வைத்தார். கை அசையவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுதாண்ணே" என்றாள் ஜமீலா.

அடுத்த தடவை இயந்திரத்தை வைத்தார். உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கினார். சும்மா நின்றார். அது 'பீப்' என்றதும் இழுக்காமல் தூக்கிப் பக்கத்து எழுத்தின்மேல் வைத்தார். அந்த நிதானத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அவர் நகம் மெல்ல ஓரத்துக்குப் போனது. மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைத் துளி கிளப்பிப் பார்க்க.

மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"ஆறட்டும்."

"ஒட்டிருச்சான்னு பாத்துக்கிறேன் தாயி."

"நீங்க பாக்குறதாலதாண்ணே உரியுது."

சங்கிலி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி உட்காருவது அவருக்குத் துணி மூட்டை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆறிய பிறகு தாள் தானாகக் கழன்று வந்தது. எழுத்துகள் துணியிலேயே பிறந்தவை மாதிரி இருந்தன.

அதன் பிறகுதான் ஜெர்சி. பழைய எழுத்துகளை ஜமீலா பதமாக எடுத்துக் கொடுத்தாள். நைலான் துணிக்கு ஏற்றபடி சூட்டையும் குறைத்துவைத்தாள். மிச்சத்தைச் சங்கிலி பார்த்துக்கொண்டார். அவள் வாய் திறக்கவே வேலை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாரிக்கனி ஜெர்சியை வாங்கிப் பார்த்தாள்.

"நீயாப்பா ஒட்டுன?"

"ஆமா."

வேறு சட்டை இல்லாததால் போட்டுக்கொண்டு போனாள்.

மைதானத்தில் ஜமீலாவும் சங்கிலியும் கயிற்றோரம் நின்றார்கள். முதல் பாதி முழுக்க மாரிக்கனி கூனிக்கொண்டே ஆடினாள். எதிரணி அவளைப் பிடித்த பிடியில் சட்டை தோளோரம் கிழிந்தது. எழுந்தவள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினாள். ரெய்டுக்குக் கூப்பிட்டார்கள். தலையசைத்து மறுத்துவிட்டாள்.

இடைவேளையில் கயிற்றுக்கு ஓடிவந்து, அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மூச்சு வாங்கியது.

"உரியுதா பாருப்பா. சீக்கிரம்."

சங்கிலியின் கை உயர்ந்தது. பாதியிலேயே நின்றது.

ஜமீலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கீழே இறங்கியது. சங்கிலி முகத்தைத் திருப்பி மைதானத்தைப் பார்த்தார்.

"உரியாது" என்றார்.

மாரிக்கனி திரும்பினாள். "பாக்காமலே எப்படிப்பா சொல்ற?"

"ஒட்டுனவன் நானு. நீ ரெய்டு போ."