சப்போட்டா மரத்துக்கு வந்தது எது

என் மனைவி செண்பகவல்லியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, கொல்லையில் சப்போட்டா மரத்தடியில் குனிந்து நின்றாள்.

பழங்களைத் தின்பது மரநாய் என்றாள் அவள். வௌவால் என்றேன் நான். ஒரு வாரமாக நடந்த வழக்கு.

“அப்ப மதில்மேல கொட்டை கொட்டையாக் கழிஞ்சு வெச்சது யாருங்க? வௌவாலா வந்து உக்காந்துட்டுப் போச்சு?” என்று சிரித்தாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்படியில் விழுந்து கிடந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஏரிக்கரைக் குடிசைக்குப் போனேன். அங்கே இருந்த துறவி மங்களாம்பிகைக்கு என் மகள் வயதுதான். ஆறு வருடமாக அவர்தான் எனக்குக் குரு.

“யார் சொன்னது சரிம்மா?”

இதையா கேட்க வந்தீர்கள் என்றார். அவள் சொன்னது சரியென்றால் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது பொய் என்றேன்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டார். வௌவால் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும், மரநாய் கொட்டையோடு விழுங்கும், கொட்டை அதன் கழிவில் முழுசாகக் கிடக்கும் என்று சொன்னேன்.

“அன்னிக்கு எது கிடந்தது?”

“பார்க்கலை.”

“ஏன் ஐயா?”

“குனிஞ்சு பார்த்தா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

குரு போய்ப் பார்த்துவிட்டு வரும்படி கையைக் காட்டினார்.

சாவுக்கு வந்த உறவினர்கள் கொல்லையைப் பெருக்கி, மதிலையும் கழுவிவிட்டிருந்தார்கள். மரத்திலும் பழம் இல்லை.

அடுத்த காய்ப்புவரை காத்திருந்தேன்.

அதற்குள் நூலகத்தில் தேடிப் படித்தேன். வௌவால் குட்டியை மார்போடு சுமந்து பறக்கும். மரநாய் குட்டியைப் பொந்தில் விட்டுவிட்டுத் தனியாக இரை தேடும். அவளிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு காலையில் இரண்டும் கிடைத்தன. மரத்தடியில் சக்கை, மதில்மேல் கொட்டை. தாளில் மடித்து எடுத்துப் போனேன்.

“ரெண்டுமே வருதும்மா. அவ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி.”

குரு தாளைப் பிரித்துப் பார்த்தார்.

“யாருக்காக வெச்ச மரம் ஐயா?”

“அவளுக்குத்தான். எனக்குச் சப்போட்டா பிடிக்காது.”

“அந்த வருஷம் அவங்களுக்கு எத்தனை பழம் கிடைச்சுது?”

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

கீழ்க்கிளையில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், இன்னும் நான்கு பழங்கள் இருக்கின்றன.