முள்ளில் சிக்கிய மாலை

ஆலங்காட்டில் விலங்குகளின் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அங்கே முள்ளம்பன்றி ஒரு பேராசிரியர்.

"எட்டிப்பழத்தைச் சுனைநீரில் ஊறவைத்தால் விஷம் போய்விடும். பிறகு தாராளமாகத் தின்னலாம்!" என்று அது ஒரு நாள் அறிவித்தது. ஊறிய பழத்தை முகர்ந்து பார்த்ததோடு சரி. தின்று பார்க்கவில்லை.

சில காலம் கழித்துச் சிங்கராஜா ஓர் ஆணை போட்டது. "யாருடைய ஆராய்ச்சி காட்டுக்கு அதிகம் பயன்பட்டதோ, அவருக்கே மாலையும் துணைவேந்தர் பதவியும்!"

"பயனை எப்படி அளப்பது, ராஜா?" என்று கேட்டது யானை.

"இதென்ன பெரிய காரியம்! யார் பெயரைக் காடு அதிகம் சொல்கிறதோ, அவர் ஆராய்ச்சிதான் பெரியது!" என்றது நரி.

மரங்கொத்தியை வேலைக்கு வைத்தார்கள். ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு மரம். யாராவது அவர் பெயரைச் சொன்னால், அந்த மரத்தில் ஒரு துளை. முள்ளம்பன்றியின் மரம் சல்லடையாகிவிட்டது!

விழா நாளில் சிங்கமே மாலை போட்டது. முள்ளம்பன்றி பெருமையில் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"புள்ளிமானே! நீதான் என் பெயரை அதிகம் சொன்னாயாமே! நாலு பேர் கேட்க அதை இங்கேயும் சொல்லேன்!"

மான் தயங்கியது. அதன் பக்கத்தில் அதன் குட்டி முடங்கிய காலோடு நின்றது.

"சொல்கிறேன், பேராசிரியரே. 'முள்ளம்பன்றி பேச்சை நம்பிப் பழம் கொடுத்தேன், என் பிள்ளைக்குக் கால் போய்விட்டது. நீங்களாவது கொடுத்துவிடாதீர்கள்' என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன்."

"நாங்களும் அதைத்தான் சொன்னோம்!" என்றன முயல்கள்.

சிங்கம் மரங்கொத்தியைப் பார்த்தது.

"நான் பெயரை மட்டும்தான் கேட்டேன், ராஜா" என்று அது தலைகுனிந்தது. நரி மெதுவாக யானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

முள்ளம்பன்றியை வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அவசரமாக மாலையைக் கழற்றப் பார்த்தது. முட்களில் சிக்கிய மாலை வரவில்லை. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

"மானே, நான் தின்று பார்க்காமலே சொல்லிவிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் அது அழுதது. பதவியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, மாலையோடே எட்டிமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது.

"தின்னாதீர்கள்! நான் சொன்னது தப்பு!" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னது. பூவெல்லாம் வாடி உதிர்ந்த பிறகும், நார் மட்டும் முள்ளிலேயே கிடந்தது.

நம் பெயர் எத்தனை வாயில் அடிபடுகிறது என்று எண்ணுவதற்கு முன், எதற்காக அடிபடுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.