நார்ப்பட்டித் தலைவரின் பொடுகு வைத்தியம்

ஊரின் உண்மையான பெயரைச் சொன்னால் அங்கிருந்து வண்டி பிடித்துச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வழி தெரியாமல் வேறு யார் வீட்டு வாசலிலாவது நின்று சண்டை போடுவார்களே என்பதுதான் என் கவலை. அதனால் நார்ப்பட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

நார்ப்பட்டியில் எல்லோருக்கும் ஒரே தொழில். தேங்காய் மட்டையைக் குட்டையில் ஊறப்போட்டு, மிதக்காமல் இருக்க மேலே கல்லை வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து, தடியால் தட்டி, நார் பிரித்துக் கயிறு திரிப்பார்கள். கயிறு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்ற விஷயங்களில் சொல்ல ஆரம்பித்தால் நம்மால் வேறு வேலை பார்க்க முடியாது.

ஊருக்குத் தலைவரைப் பிடிக்கவும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருடா வருடம் தேருக்குப் புது வடம் திரிப்பார்கள். அதன் முதல் புரியில், அதாவது முதல் இழையில், தலைவரின் குடுமியிலிருந்து ஒரு கற்றை முடியைச் சேர்த்துத் திரிக்க வேண்டும். கொடுக்கக் குடுமி இருக்கும்வரை அவர் தலைவர். குடுமி போனால் பதவி போச்சு, ஊரிலேயே அடர்த்தியான குடுமிக்காரர் அடுத்த தலைவர். தலைக்கு வெளியே இருப்பதை மட்டும்தான் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அந்த ஊருக்குத் தலைவரே கிடைத்திருக்க மாட்டார்.

அப்போது தலைவராக இருந்தவர் சடையாண்டி. கூட்டம் நடக்கும்போது ஊரில் நாற்காலியில் உட்காருகிறவர் அவர் ஒருவர்தான், மற்றவர்களுக்குத் தரை. அந்த நாற்காலியின் மேல் அவருக்கு உயிர். அவருடைய தலையில்தான் பொடுகு வந்து சேர்ந்தது.

முதலில் தோளில் மாவு சிந்தியதுபோல் விழுந்தது. பிறகு அரிப்பு எடுத்தது. சடையாண்டி சொறிந்தார். சொறியச் சொறிய முடி கையோடு வந்தது. அடர்த்தியான குடுமி எலிவால் ஆகிக்கொண்டிருந்தது, தேரோ அடுத்த மாதம். மேலத்தெரு ராக்கியண்ணன் தன் குடுமிக்குக் காலையும் மாலையும் சீயக்காய் போட்டுக்கொண்டு, அந்த நாற்காலியின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

சடையாண்டி வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார். அவருடைய மனைவி பாவாத்தாள் தன் தம்பிகள் மூன்று பேரையும் வரவழைத்தாள். மூத்தவன் சென்னிமலை, நடுவில் அத்தப்பன், கடைசி குழந்தைவேலு. ஊரில் இவர்கள் மூவருக்கும் விவரமானவர்கள் என்று பெயர். ஊரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மூவரும் மாமாவை டவுனுக்கு அழைத்துப் போய்த் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "இது சாதாரணப் பொடுகு. அரிக்குதுன்னு சொறியறீங்க, சொறியறதால முடி கொட்டுது. அதனால தலைல கை வைக்காதீங்க. இந்த மருந்தத் தலைல தேச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நல்லா அலசிடுங்க. வாரம் ரெண்டு தடவை. சீப்பு, தலையணையெல்லாம் தனியா இருக்கட்டும். முக்கியமா, கவலைப்படாதீங்க. கவலைப்பட்டாலும் முடி கொட்டும்."

பஸ்ஸில் வரும்போதே மூவரும் இதையெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தலையணையைத் தனியாக ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். வீட்டில் இருந்ததே ஓர் அறைதான். சடையாண்டி வாசலில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார்.

அடுத்தது கவலை.

"மாமா கவலைப்படப் படாதுன்னு சொல்லிப்போட்டாங்க" என்றான் சென்னிமலை. "ஆனா பதவி போற நெலம. ஆருமே கவலைப்படாம உட்டா ஊரு என்ன நெனைக்கும்?"

"வேற ஆராச்சும் படோணும்" என்றான் அத்தப்பன்.

இருவரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவனுக்கு வேறு வேலை இல்லை. அன்று முதல் மாமாவின் கவலை அவனுடையது. காலையில் எழுந்ததும் முகத்தில் கையை வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிடுவான். போகிற வருகிறவர்கள், "என்ன குழந்தைவேலு, இன்னைக்குப் பட்டாச்சா?" என்று கேட்பார்கள். "வெயிலுக்கு முன்னயே பட்டு முடிச்சுட்டனுங்க, சாயங்காலத்துக்குத்தான் பாக்கி" என்பான். சடையாண்டியோ கவலையை ஒப்படைத்த தெம்பில் இரண்டு கவளம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

மருந்து விஷயம்தான் சிக்கலானது. ஊறவிடுவது எப்படி என்று நார்ப்பட்டிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு நேரம்?

"கொஞ்ச நேரம்னாங்க" என்றான் அத்தப்பன்.

"மட்டைக்கே ஆறு மாசம் ஆகுது. மாமாவோட தலை மட்டைய விடக் கெட்டி" என்றான் சென்னிமலை. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சடையாண்டிக்கே அதைக் கேட்டுப் பெருமையாக இருந்தது.

"அடுத்த மாசம் தேரு. ஆறு மாசத்துக்கு ஏது நேரம்?"

வெகுநேரம் பேசி, காலையில் போட்டு மாலையில் எடுப்பது என்று முடிவானது. சடையாண்டியின் தலையில் மருந்தைத் தேய்த்து, குட்டைக்குக் கூட்டிப் போய்க் குப்புறப் படுக்க வைத்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டார்கள். மூச்சுக்கு ஒரு பப்பாளித் தண்டை வாயில் கொடுத்தார்கள். தலை மிதந்து வந்தது. வழக்கப்படி பின்கழுத்தில் ஒரு கல்லை வைத்தார்கள். மருந்து முழுவதும் குட்டையில் கரைந்து போனது. அந்த வருடம் நார்ப்பட்டித் தவளைகளில் ஒன்றுக்குக்கூடப் பொடுகு இல்லை.

மாலையில் வெளியே எடுத்தபோது தலைவரின் முகம் ஊறிய அப்பளமாக இருந்தது. பாவாத்தாள் அலசக் குடத்தோடு வந்தாள். சென்னிமலை தடுத்தான்.

"இரு அக்கா. ஊற வெச்சதத் தட்டாம அலசுவாங்களா? தட்டுனாத்தானே நாரு வரும்?"

"டாக்டரம்மா தட்டச் சொல்லுலியே" என்று கரகரத்த குரலில் சொன்னார் சடையாண்டி.

"அவிங்க டவுனுக்காரிங்க மாமா. தொழில் தெரியாது."

பாவாத்தாள் யோசித்தாள். பிறகு, "பாத்துத் தட்டுங்கடா. நாளைக்கு ஊர்க்கூட்டம் இருக்குது" என்றாள். பாத்துத்தான் தட்டினார்கள். மறுநாள் கூட்டத்தில் தலைவரின் தலை ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தது. அதே முடி பெரிய தலையில் பரவியதால் இன்னும் குறைவாகத் தெரிந்தது. ராக்கியண்ணன் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அரிப்போ கூடிக்கொண்டே போனது. தலையில் கை வைக்கக்கூடாது என்பது உத்தரவு. சடையாண்டி தவியாய்த் தவித்தார், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அத்தப்பனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அந்த ஊரில் யாருக்காவது யோசனை வந்தால் மற்றவர்கள் ஓடிப்போவதுதான் நல்லது, ஆனால் ஓடியதில்லை.

"கைதான வெக்கப் படாது? நாரு வெக்கலாமல்ல?"

முரட்டு நாரை உருட்டிப் பானை தேய்க்கிற மாதிரி மாமாவின் தலையைத் தேய்த்தார்கள். சடையாண்டி சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது மிச்ச முடியில் பாதி நாரோடு இருந்தது. நாரையும் முடியையும் பிரித்துப் பார்க்க முயன்று மூவரும் தோற்றுப்போனார்கள்.

மறுபடியும் டவுனுக்கு ஓடினார்கள். டாக்டரம்மா அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு மூவரையும் பார்த்தார். எழுந்து போய்ச் சன்னலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இனிமே மருந்தையும் தண்ணியையும் தவிர எதுவும் இந்தத் தலைல படக்கூடாது. கை, நாரு, கட்டை எதுவும். ஊறவிடறதுன்னா நான் இந்தச் சன்னல்கிட்ட நின்னுட்டு வந்தேன்ல, அவ்வளவு நேரம். இருக்கற முடில ஒண்ணுகூட இனிப் போகக்கூடாது. புரியுதா?"

புரிந்தது என்றார்கள். இந்தத் தடவை அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தவறவிடவில்லை. ஊறும் நேரத்தைக் கணக்குப் பண்ணக் குழந்தைவேலு ஒவ்வொரு தடவையும் சன்னலருகே போய் நின்றுவிட்டு வந்தான். பொடுகு கொஞ்சம் மட்டுப்பட்டது. முடி கொட்டுவதும் நின்றது. சடையாண்டிக்குச் சுண்டுவிரல் தடிமனில் ஒரு குடுமி மிஞ்சியது.

வடம் திரிக்கும் நாள் வந்தது. ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. பூசாரி வழக்கப்படி தட்டில் கத்திரிக்கோலை வைத்து நீட்டினார்.

மூன்று மச்சினன்களும் ஒன்றாகக் குறுக்கே விழுந்தார்கள். "ஒரு முடிகூடப் போகப் படாதுங்க. டாக்டரம்மா உத்தரவு."

"அப்ப வடத்துல என்னத்தச் சேக்கறது?" என்று கேட்டார் ராக்கியண்ணன். கேட்டபடியே நாற்காலியின் பக்கம் இரண்டடி நகர்ந்தார். சடையாண்டி அதைப் பார்த்துவிட்டார். கோயில் படியில் குழந்தைவேலு அவருக்காக அவசர அவசரமாகக் கவலைப்பட்டான்.

அத்தப்பன் எழுந்து நின்றான். "வழக்கம் என்னங்க சொல்லுது? தலைவரு முடி வடத்துல சேரோணும். வெட்டோணும்னு சொல்லுதுங்களா?"

பூசாரி யோசித்தார். ஊர் யோசித்தது. அவ்வளவு பேர் யோசித்தும் அங்கே ஒரு சத்தமும் இல்லை. கடைசியில், "வெட்டோணும்னு சொல்லுலீங்க" என்றார் பூசாரி.

வெட்டாமலே திரித்தார்கள். ஒரு கற்றை மட்டும் போட்டால் இழுவைக்குத் தாங்காது என்று குடுமி முழுவதையும் முதல் புரியில் சேர்த்தார்கள். புரியோடு புரி முறுக்கி, வடம் நீண்டுகொண்டே போய்த் தேரடியில் முடிந்தது. அதற்குமுன் நார்ப்பட்டியில் அத்தனை உறுதியான வடம் திரித்ததில்லை. ஒரு முனையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். மறுமுனையைத் தேரில் கட்டினார்கள்.

தேர் நன்றாகவே ஓடியது. தலைவர் எல்லோருக்கும் முன்னால் நடந்தார், பின்னால் ஊர் இழுத்தது. திருப்பங்களில் மட்டும் கொஞ்சம் அலறினார், அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். தேர் நிலைக்கு வந்ததும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தலைவர் போகவில்லை.

"சோத்துக்கு வாங்க மாமா" என்றான் சென்னிமலை.

"எப்பிடி மாப்ள வர்றது?"

மறுபடியும் ஊர் கூடியது. முடியை வெட்டினால் டாக்டரம்மா சொல் தப்பும். வடத்தை வெட்டினால் சாமி குத்தம். ராக்கியண்ணன் பொறுக்க முடியாமல், "முறுக்க அவுத்து உட்டாத் தீந்துது" என்றார்.

எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"நாம திரிக்கறவங்க" என்றான் சென்னிமலை நிதானமாக. "அப்பன் பாட்டன் காலத்துலருந்து திரிச்சுத்தான் பழக்கம். நம்மூர்ல அவுக்கத் தெரிஞ்சவன் ஆரு இருக்கறான்? நீங்க அவுத்திருக்கறீங்களா?"

ராக்கியண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அதோடு அத்தப்பன் இன்னொன்றும் சொன்னான். இப்போது மாமாவின் முடி எங்கே முடிகிறது என்று யாராவது காட்ட முடியுமா? தலையில் தொடங்கித் தேர்வரைக்கும் ஒரே வடமாகப் போகிறது. அத்தனை நீளக் குடுமி ராக்கியண்ணனுக்கு உண்டா? ராக்கியண்ணன் தன் குடுமியைத் தடவிப் பார்த்தார். அது தோளைத் தாண்டவில்லை. வெட்கத்தோடு போய்த் தரையில் உட்கார்ந்தார். சடையாண்டியே இனி ஆயுசுக்கும் தலைவர் என்று முடிவானது. நாற்காலியை அவர் இருக்கும் இடத்துக்கே தூக்கி வந்து போட்டார்கள். அவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"மாப்ள, அரிக்குது" என்றார்.

கூட்டம் கதிகலங்கியது. தலையில் கை படக்கூடாது, நார் படக்கூடாது, கட்டை படக்கூடாது. குழந்தைவேலுதான் முதலில் எழுந்தான். கவலைப்பட்டுப் பட்டு அவன் புத்தி கூர்மையாகியிருந்தது. தலைக்குப் பக்கமே போகாமல், தள்ளி நின்று, வடத்தில் கை வைத்துப் பரபரவென்று சொறிந்தான்.

"இங்கீங்களா மாமா?"

"இன்னும் கொஞ்சம் அக்கட்ட."

சென்னிமலை அவனுக்கு அடுத்து உட்கார்ந்து சொறிந்தான். அவனுக்கு அடுத்து அத்தப்பன். பிறகு பாவாத்தாள், பூசாரி, மேலத்தெரு, கீழத்தெரு என்று ஊரே வடத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து, பத்து விரலாலும் மும்முரமாகச் சொறிந்தது. "இங்கீங்களா?" "இல்ல." "இங்கீங்களா?" "இன்னும் தள்ளி." கேள்வி ஆள் மாறி ஆள் மாறிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தேருக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்த ராக்கியண்ணன் வேண்டா வெறுப்பாக வடத்தின் மறுமுனையை ஒரு சொறி சொறிந்தார்.

"ஆங், அங்கதானுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார் சடையாண்டி. "கைய எடுத்தராதீங்க."