ரெஜிஸின் கிட்டார்

"எல்லாம் வாங்கிட்டேன் டீச்சர். அந்தச் சத்தம் மட்டும் வர மாட்டேங்குது" என்றார் அருளப்பன்.

ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் கற்க வந்தவர் அவர். ஆசிரியை பொற்கொடிக்கு அவருடைய மகள் வயது. திருச்சியில் ஒரு பேக்கரியின் மாடியில் வகுப்பு.

அருளப்பன் தேடிய சத்தம் ஒரு பழைய கேசட்டில் இருந்தது. கல்லூரி நாட்களில் அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அதில் லீட் கிட்டார் வாசித்தவர் ரெஜிஸ். அந்தக் காலத்து ராக் பாணியில் அவர்களே மெட்டுப் போட்ட பாட்டு.

ரெஜிஸ் போன வருடம் இறந்துபோனார். கிறிஸ்துமஸுக்குப் பழைய நண்பர்கள் கூடுகிறார்கள். ஸ்டெல்லா பாட வேண்டும் என்கிறார்கள். ரெஜிஸின் கிட்டார் இல்லாமல் தனக்குப் பாட வராது என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சமையல்கட்டில் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

அதைத்தான் அருளப்பனால் தாங்க முடியவில்லை.

ரெஜிஸ் வைத்திருந்த அதே ரகக் கிட்டார், அதே வால்வு ஆம்ப் ஒலிபெருக்கி, சத்தத்தைக் கரகரவென்று கனமாக்கும் அதே ஃபஸ் பெடல். அலைந்து பிடித்தார்.

பொற்கொடி வாசிக்கச் சொன்னார். கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது.

"இப்ப அந்தக் கேசட்டைக் கேக்கலாம் சார்."

அருளப்பன் போனில் ஏற்றி வைத்திருந்ததைப் போட்டார். கிட்டார் மட்டும் கேட்டது.

"பாட்டு எங்க?"

"குரலை கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன். அப்பதானே கிட்டார் தெளிவா கேக்கும்?"

தனியாகக் கேட்டபோது அது மெலிந்து கிடந்ததாம். கனத்தைப் பழைய டேப் தின்றுவிட்டது என்று நினைத்து, குறைந்ததை அவரே பெடலால் சேர்த்துக்கொண்டாராம்.

பொற்கொடி சிரித்தார். அடுத்த வகுப்புக்கு ஸ்டெல்லாவையும் கூட்டிவரச் சொன்னார்.

ஸ்டெல்லா தயங்கித் தயங்கித்தான் மாடி ஏறினார். இந்த மனுஷனுக்காக வந்தேன் என்றார்.

அருளப்பன் ஆம்பைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசித்தார். ஸ்டெல்லா இரண்டு வரி பாடினார். குரல் கிட்டாருக்கு அடியில் போய்விட்டது. நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எனக்கு வயசாயிடுச்சுங்க. குரல் போயிடுச்சு."

பொற்கொடி அருளப்பனை எழுப்பி, நாற்காலியைத் திருப்பி, ஸ்டெல்லாவுக்கு நேராகப் போட்டார்.

"இப்ப வாசிங்க சார்."

"பெடல் அந்தப் பக்கம் இருக்கே டீச்சர்."

"இருக்கட்டும்."

ஸ்டெல்லா மறுபடி ஆரம்பித்தார். மெட்டு தாழ்ந்து இறங்கும் இடத்தில் அவர் கழுத்து நரம்பு புடைப்பதை அருளப்பன் பார்த்தார். கை தானாகக் கிட்டாரின் ஒலிக் குமிழுக்குப் போனது. குறைத்தார். போதவில்லை. இன்னும் குறைத்தார். ஸ்டெல்லா ஒரு சொல்லை நீட்டியபோது விரலைத் தூக்கிக் காத்திருந்தார். ஸ்டெல்லா மூச்சு வாங்கிய இடத்தில் மட்டும் மெதுவாக மீட்டினார்.

மெலிசாக, கொஞ்சம் கீச்சென்று, கேசட்டில் இருந்த அந்தச் சத்தம் வந்தது.

அருளப்பன் திகைத்துப்போனார். ஏதோ கேட்க நினைத்து ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

பொற்கொடி விரலால் ஸ்டெல்லாவைக் காட்டினார்.

ஸ்டெல்லா கண்ணை மூடியிருந்தார். யாருக்கும் காத்திராமல் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டிருந்தார்.