பதினாறுக்குக் கீழே எண் இல்லை

முதலில் ஒரு விடுகதை. குளிரைக் கொடுக்கும், குளிர் கூடிப்போனால் குளிரையே தடுக்கும். அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

“அக்கா, இது ஏன் குளிர மாட்டேங்குது?” என்று கேட்டாள் ஜெபா.

கேட்டது ஏ.சி. மெக்கானிக் ரெஜினாவிடம். பக்கத்தில் அவருடைய சீடர் சுடலைமணி நின்றார். நெடுநாள் டீக்கடை நடத்திவிட்டு இப்போதுதான் இந்த வேலை பழகுகிறார். குருவைவிட வயதில் மூத்தவர்.

கட்டிலில் ஜெபாவின் அப்பா புரண்டுகொண்டிருந்தார். இன்று இரவு சென்னைக்கு பஸ் ஓட்ட வேண்டும்.

“தூங்காம எப்படி ஸ்டியரிங்கைப் பிடிப்பேன்?” என்றார்.

ஜெபா ரிமோட்டை அமுக்கினாள். பீப்.

அப்பா கண்ணைத் திறந்து மூடினார்.

“எத்தனையில வச்சிருக்க?” என்றார் ரெஜினா.

“பதினாறுல, அக்கா. அதுக்குக் கீழ போக மாட்டேங்குது.” பீப்.

ரெஜினா ஏ.சி.யின் மூடியைத் திறந்தார். வடிகட்டும் வலையில் கம்பளி போலத் தூசி. வலையை உருவினார். உள்ளே வெள்ளைச் சுவராக ஐஸ்.

“இவ்வளவு ஐஸா! என் கடையா இருந்தா சர்பத் போட்டிருப்பேன்” என்றார் சுடலைமணி.

“காத்து நுழைய வழியில்ல. தூசியும் அடைச்சு, ஐஸும் அடைச்சிருக்கு.”

சுடலைமணி ஸ்க்ரூடிரைவரை ஓங்கினார். ரெஜினா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உள்ள மெல்லிசுக் குழாய். குத்தினா கேஸ் போயிரும்.”

“அப்போ என்ன செய்யணும்?”

“உட்காரணும்.”

ரெஜினா ஏ.சி.யில் ஃபேன் மட்டும் ஓடும்படி வைத்தார். கீழே ஒரு வாளியை நகர்த்தினார். தரையில் உட்கார்ந்தார்.

“ஜெபா, உட்காரவா ஆள் கூப்பிட்டோம்?” என்றார் அப்பா.

வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

சுடலைமணி எழுந்து எட்டிப் பார்த்தார்.

“வெந்நீர் ஊத்தட்டா?”

“வேண்டாம்.”

“துணியால துடைக்கட்டா?”

“அண்ணே, டீத்தூளைப் போட்டதுமே வடிகட்டிருவீங்களா?”

சுடலைமணி உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஜெபாவின் விரல் பொத்தானைத் தேடியது. ரெஜினா கையை நீட்டினார். ஜெபா ரிமோட்டைக் கொடுத்துவிட்டாள்.

உருகும் ஐஸைத் தொட்டுக் காற்று மெல்ல இறங்கியது.

அப்பா புரண்டார். மறுபடி புரண்டார்.

பிறகு புரளவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

சொட்டுவது நின்றது. ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது.

“இப்பப் போடலாம்ல?” சுடலைமணி கிசுகிசுத்தார். “ஜில்லுன்னு ஒரு பதினாறு வச்சிட்டுப் போயிருவோம்.”

ரெஜினா ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் தூசி படிந்த வலையுமாக ஜெபாவின் முன் நீட்டினார்.

ஜெபா அப்பாவைப் பார்த்தாள்.

வலையை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.