சரிவு தேடிப் போன மாப்பிள்ளை வண்டி

மொட்டப்பாறைக்காரர்களுக்கு அறிவு குறைச்சல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதற்கு மேல் அறிவைச் செலவழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் பொம்முராசுவுக்கு நாற்பதை எட்டும் வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வரலேன்னா, என் தங்கச்சி மகன் குளிச்சு ரெடியா இருக்கான்." காலையிலிருந்து பொம்முராசுவின் கண்ணுக்குள் அந்தக் குளித்த பையன்தான் நின்றுகொண்டிருந்தான்.

மாமா சின்னாண்டியின் பழைய டீசல் வேனில் கிளம்பினார்கள். ஓட்டியவன் சித்தி மகன் பெத்தணன். ஊர் மேட்டை இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டிக்குள் ஒரே புகை. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி கரிவேட்டியாகிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, டவுன் மெக்கானிக் ஜபருல்லாவுக்குப் போன் போட்டார்கள்.

"சைலன்சர் குழாய்ல எங்கேயோ ஓட்டை. புகை வர்ற எடத்தைப் பாத்து அடைங்க," என்றார் அவர்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். இஞ்சின் பக்கம் ஒரு விரிசலில் கொஞ்சம் புகை. வண்டியின் பின்னால், குழாயின் வாயில் குபுகுபுவென்று புகை.

"பெரிய ஓட்டையை விட்டுட்டு சின்னதை அடைக்கிறவன் மனுசனா?" என்றார் மாமா.

"இம்புட்டு வட்டமா விழுந்திருக்கே மாமா, எலி கடிச்சிருக்குமோ?" என்றான் பெத்தணன்.

"எலி இரும்பைக் கடிக்குமாடா, கூறுகெட்டவனே! துருதான். துரு எப்பவும் வட்டமாத்தான் திங்கும்."

களிமண்ணைக் குழைத்து, மாப்பிள்ளையின் துண்டையும் திணித்து இறுக அடைத்தார்கள். இஞ்சின் ஒரு விக்கல் விக்கிவிட்டு நின்றது. புகையும் நின்றது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி போன் போட்டு, செய்ததைச் சொன்னார்கள்.

ஜபருல்லா தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "பின்னாடி அடைச்சதைப் பிடுங்குங்கய்யா! புகை போக வழி வேணாமா? முன்னாடி விரிசல்ல தகரத்தைச் சுத்தி, கம்பியால முறுக்குங்க. அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டரை ஸ்பேனரால லேசாத் தட்டுங்க."

பிடுங்கினார்கள், சுற்றினார்கள், முறுக்கினார்கள். பிறகு மாமா வண்டிக்கடியில் போய், தூங்குகிற வீட்டுக்காரரை எழுப்புவதுபோல ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"என்ன மாமா?"

"பதிலே இல்லடா."

"எனக்கு முகூர்த்தம்னு சொல்லிப் பாருங்க மாமா," என்று கெஞ்சினான் பொம்முராசு. மாமா சொல்லியும் பார்த்தார்.

அடுத்த போனில் ஜபருல்லாவின் குரல் தளர்ந்திருந்தது. "எறங்கித் தள்ளுங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா, நிறுத்தும்போது நல்ல சரிவாப் பாத்து நிறுத்துங்க. அப்பத்தான் திரும்ப உருட்டி எடுக்க முடியும். சக்கரத்துக்கு மறக்காமக் கல் வைங்க."

மூவரும் இறங்கித் தள்ளினார்கள். ஓட்டுகிறவனும் சேர்ந்து தள்ளுகிறான் என்று கண்டுபிடிக்க வெகுநேரமாயிற்று. அவன் ஏறி உட்கார்ந்ததும் வண்டி உறுமியது.

கல்யாண மண்டப வாசலுக்கு வந்ததும் பெத்தணன் தரையைப் பார்த்தான். தாம்பாளம் போல் சமதளம்.

"சரிவே இல்லையே மாமா!"

"நம்ம ஊர் மேட்டை விட நல்ல சரிவு எங்க இருக்கு? திருப்புடா வண்டியை."

"ஐயோ, முகூர்த்தம்?" என்று அலறினான் பொம்முராசு.

"அங்க நிறுத்திட்டு ஓட்டமும் நடையுமா வந்துரலாம் மாப்ளே. மெக்கானிக் பேச்சை மீறலாமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வண்டி வாசலில் வட்டமடித்தது. மாலையோடு நின்ற மணப்பெண் வீரலட்சுமி, ஜன்னல் வழியே கும்பிட்டபடி திரும்பிப் போகிற மாப்பிள்ளையைப் பார்த்தாள். பக்கத்தில், குளித்துவிட்டு நின்ற அத்தை மகனையும் ஒரு தரம் பார்த்தாள். அடுத்த நிமிடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து வேனில் தாவி ஏறினாள்.

"தாலி யார்ட்ட இருக்கு?"

"மாமா மடியில."

"மொதல்ல கட்டுங்க. அப்புறம் எங்க வேணா நிறுத்துங்க."

ஓடுகிற வண்டியிலேயே கட்டினான். கெட்டிமேளத்துக்குப் பெத்தணன் ஹாரனை விடாமல் அடித்தான்.

ஊர் மேட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தி, தேய்ந்துபோன ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டு, நால்வரும் மண்டபத்து விருந்துக்கு நடந்தார்கள். மேட்டின் அடிக்கு வந்ததும் வீரலட்சுமி கேட்டாள், "உங்க மாமா துண்டுல என்னங்க அம்புட்டுக் கனமாத் தொங்குது?"

"சக்கரத்துக்கு வச்ச கல்லும்மா," என்றார் மாமா. "எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா வண்டி உருண்டுருமே. அதான் கடைசியா வந்தப்ப கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

"நல்ல வேளை மாமா!" என்றான் பொம்முராசு.

பின்னாலிருந்து ஏதோ வந்தது. ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆளில்லாத வேன் அவர்களைத் தாண்டி மண்டபம் இருக்கிற திசையில் விரைந்தது.

"ஸ்டார்ட்டர் சரியாயிருச்சு!" என்று குதித்தான் பெத்தணன்.

"பொட்டுப் புகை இருக்கா பாரு!" என்றார் மாமா.

ஜபருல்லாவுக்கு நன்றி சொல்லப் பொம்முராசு போனை எடுத்தான்.