துறந்தவனின் சிறுநீரகம்

காவிரிக்கரை மடத்து ஜீயருக்கு அன்று விடிந்ததிலிருந்தே பொறுமை போய்விட்டிருந்தது. காரணம், சீடன் சௌரிராஜன்.

அவனுடைய இரட்டைப்பிறவித் தம்பி சாரங்கனுக்கு இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. தம்பி மனைவி வேதவல்லி தன்னுடையதைத் தர முன்வந்தாள், பொருந்தவில்லை. ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்தவர்கள் ஆதலால், அண்ணனுடையதைத் தம்பியின் உடல் அயலாகவே எண்ணாது என்றார் மருத்துவர். அதைக் கேட்கத்தான் அவள் மடத்து வாசலில் வந்து நின்றாள். சௌரிராஜன் வெளியே போகவில்லை. ஒரு படி இறங்கினாலும் பூண்ட துறவு கலைந்துவிடும் என்று அவனுக்கு அச்சம்.

"மறுபடியும் என்ன?" என்றார் ஜீயர், எதிரே வந்து உட்கார்ந்த சீடனிடம்.

"தேவரீர் அருள வேண்டும். துறவு பூண்ட அடியேனுக்குத் தம்பி என்று ஒருவன் உண்டா?"

"இல்லை என்றே வைத்துக்கொள். யாரோ ஒருவன். யாரோ ஒருவனுக்குக் கொடு."

"உறவு என்றுதானே கேட்கிறார்கள், சுவாமி? அந்த உறவுக்கு அடியேன் என்றோ இறந்தவன்."

"இறந்தவர்களிடமிருந்தும் எடுக்கிறார்களாம். அவர்கள் இவ்வளவு பேசுவதில்லை."

ஜீயர் அவன் வலக்கையைப் பற்றி இழுத்தார். மடைப்பள்ளியில் கொதிநெய் கொட்டி வெந்த கை. புறங்கையில் ஒட்டுத்தோல் மினுங்கியது.

"இந்தத் தோல் ஏது?"

"அடியேன் தொடையில் எடுத்தது."

"கை தனக்கு என்ன உறவு என்று தொடை கேட்டதா?"

"இரண்டும் ஒரே உடல் அல்லவா?"

"அப்படியா!" ஜீயர் அந்தக் கையைத் தம் மார்பில் வைத்து அழுத்தினார். "உள்ளே இருப்பது பன்றியின் வால்வு. இது எந்த உடல்? வராகப் பெருமாள் அனுப்பியது என்று கும்பிட்டு ஏற்றுக்கொண்டேன். அந்தப் பன்றியை யாரும் கேட்கவில்லை. உன்னைப் போய்க் கேட்டார்கள் பார், அதுதான் தவறு."

கையின் கீழ் குருவின் நெஞ்சு சீராகத் துடித்தது. சௌரிராஜன் கையை எடுக்கவில்லை.

"போனால் அடியேன் துறவு என்னாகும், சுவாமி?"

ஜீயர் கண்களை இறுக மூடித் திறந்தார்.

"முதலில் எழுந்திரு. அந்தப் பெண் வெயிலில் நிற்கிறாள். மருத்துவமனையில் உன் காவியைக் கழற்றிவிடுவார்கள். இருவருக்கும் ஒரே பச்சை அங்கி. முகமும் ஒன்று. அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கும்போது, உங்களில் துறந்தவன் எவன் என்று பார்த்து வந்து எனக்குச் சொல்."